கொன்ட்ரோலர் கார்ட் போட்டும் டிஸ்க் மெதுவாக ஓடுகிறதா? பிழை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இந்த முறைப்பாட்டோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள். மற்றது, சிசிடிவி பதிவுகளைக் கணினியில் சேர்த்து வைக்கும் கடைக்காரர்கள். மதர்போர்டில் டிஸ்க் இணைக்கும் சாட்டா போர்ட் போதாமல், கூடுதல் போர்ட் தரும் கொன்ட்ரோலர் கார்ட் ஒன்றை வாங்கிப் போட்டிருப்பார்கள். டிஸ்க் தெரியும், ஃபைல் திறக்கும். ஆனால் பெரிய ஃபைல் ஒன்றைக் கொப்பி போட்டால் விடியும்வரை ஓடும்.

வேலை பழக வரும் தம்பிமார் முதலில் டிரைவரை மாற்றுவார்கள். அடுத்தது ஃபோர்மட் அடிப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால் புதுக் கார்ட் ஓர்டர் பண்ணுவார்கள். மூன்றும் கடைசியில் செய்ய வேண்டியவை. இங்கே சாமான் பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். பிழையானது என்றால் திருப்பி அனுப்பவும் வேண்டும். எங்கே பிழை என்று தெரியாமல் வாங்கினால் காசும் போகும், நாளும் போகும்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவில்லாததும் டேட்டாவுக்கு ஆபத்தில்லாததும் முன்னால் இருக்கின்றன.

1. தொடங்குமுன் கையில் வைத்திருக்க வேண்டியவை

நல்லது என்று ஏற்கனவே தெரிந்த சாட்டா கேபிள் ஒன்று. நல்லது என்று தெரிந்த டிஸ்க் ஒன்று. பழைய 500 ஜிபி ஆனாலும் பரவாயில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, கிரிஸ்டல் டிஸ்க் மார்க், எச்டி டியூன், எச்டபிள்யூ இன்ஃபோ ஆகிய நான்கு சோதனை புரோகிராம்களும் உள்ள பென் டிரைவ். ஸ்க்ரூடிரைவர், டோர்ச், யூபிஎஸ்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு கொப்பியும் பேனையும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் வந்த வேகத்தை எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் டிரைவரையும் ஒரே இருப்பில் மாற்றி வேகம் ஏறிவிட்டால், எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது. அதே பிழை அடுத்த மாதம் திரும்பி வந்தால் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

டிஸ்க்கில் வேறெங்கும் இல்லாத டேட்டா இருந்தால் எதையும் தொடுமுன் அதை வெளியே எடுங்கள். மெதுவாக ஓடும் டிஸ்க் என்பது சில வேளை சாகப்போகும் டிஸ்க்.

2. எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

"ஸ்லோவா இருக்கு" என்பது அளவு இல்லை. எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு குறைகிறது என்று சொல்லலாம்.

சாட்டாவில் மூன்று தலைமுறை: செக்கனுக்கு 1.5, 3, 6 ஜிகாபிட். 8 பிட் டேட்டாவை 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் இதை 8ஆல் அல்ல, 10ஆல் பிரிக்க வேண்டும். ஆக 150, 300, 600 எம்பி. கையில் கிடைப்பது அதிலும் கொஞ்சம் குறைவு; 6 ஜிகாபிட் இணைப்பில் 550 வந்தால் முழு வேகம்.

அடுத்தது டிஸ்க். 7200 சுற்று 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் வெளிவட்டத்தில் 150 முதல் 250 எம்பி வரை தரும். உள்வட்டத்துக்குப் போகப் போக அதில் கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கும். தட்டு சுற்றும் வேகம் மாறாது, உள்ளே வட்டம் சிறியது, அவ்வளவுதான் காரணம். முக்கால்வாசி நிறைந்த டிஸ்க் புதிதில் இருந்ததைவிட மெதுவாக எழுதுவது பிழையல்ல. சாட்டா எஸ்எஸ்டி என்றால் 500க்கு மேல் வர வேண்டும்.

மூன்றாவது, கார்ட் குத்தியிருக்கும் பிசிஐஇ ஸ்லொட். அதில் டேட்டா போகும் தடம் ஒவ்வொன்றும் ஒரு லேன். ஒரு லேனுக்கு முதல் தலைமுறையில் செக்கனுக்கு 250, இரண்டாவதில் 500, மூன்றாவதில் சுமார் 985 எம்பி. இவை ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் உச்சவரம்பு. இந்தக் கணக்கைப் போட்டாலே வரும் முறைப்பாடுகளில் கணிசமான பங்கு பிழையே இல்லை என்று தெரிந்துவிடும். 180 எம்பி தரும் ஹார்ட் டிஸ்க் 3 ஜிகாபிட்டில் இணைந்திருப்பதைப் பார்த்து, அதை 6 ஆக்கப் பாடுபடும் பலரைக் கண்டிருக்கிறேன். 300க்குள் 180 தாராளமாகப் போகும். அங்கே திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

3. சரியாக அளவிடுங்கள்

வின்டோஸ் கொப்பி பெட்டியில் முதல் சில செக்கன்களில் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். அது டிஸ்க்குக்குப் போகவில்லை, ரம்முக்குள் போகிறது. ரம் நிறைந்த பிறகுதான் உண்மை வேகம் தெரியும். அதனால் சோதனைக்கு எடுக்கும் ஃபைல் ரம்மைவிடப் பெரிதாக இருக்கட்டும். 8 ஜிபி ரம் உள்ள கணினிக்கு 20 ஜிபி வீடியோ ஒன்று போதும்.

ஒரே ஃபைலாக இருக்க வேண்டும். பத்தாயிரம் ஃபோட்டோக்களைக் கொப்பி பண்ணிவிட்டு 15 எம்பிதான் வருகிறது என்று முறையிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு சிறிய ஃபைலுக்கும் டிஸ்க்கின் வாசிக்கும் தலை இடம் மாற வேண்டும், அட்டவணையில் பதிய வேண்டும், வைரஸ் ஸ்கேன் வேறு பார்க்கும். எந்தக் கார்டாலும் அதைத் திருத்த முடியாது. அப்படியான ஃபோல்டர்களைச் சுருக்காமல் ஒரே ஸிப்பாக்கி அனுப்பினால், போய்ச் சேரும் டிஸ்க்கில் எழுதுவதாவது கெதியாக முடியும்.

அடிக்கடி காணும் இன்னொன்று: டி டிரைவிலிருந்து ஈ டிரைவுக்குக் கொப்பி பண்ணுவார்கள், இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். ஒரே தலை அங்கே படித்து இங்கே எழுதி ஓடித் திரிவதால் வேகம் பாதியைவிடக் குறையும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இரண்டும் வேறு வேறு டிஸ்க்தானா என்று முதலில் பாருங்கள்.

பிறகு எச்டி டியூனில் வாசிப்புச் சோதனையை ஓடவிட்டு, வரும் கோட்டின் வடிவத்தைக் கவனியுங்கள். எண்ணைவிட வடிவம் அதிகம் சொல்லும்.

நல்ல ஹார்ட் டிஸ்க்கின் கோடு இடமிருந்து வலம் மெல்லச் சரியும். தொடக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேராகப் போய், பாதி வழியில்தான் சரியத் தொடங்கினால், டிஸ்க் இன்னும் தரத் தயார், வழிதான் அடைக்கிறது என்று அர்த்தம். 130ஐ ஒட்டி நேர்கோடு என்றால் 1.5 ஜிகாபிட் இணைப்பைச் சந்தேகியுங்கள். 35 முதல் 40க்குள் நேர்கோடு என்றால் டிஸ்க் எங்கோ யூஎஸ்பி 2 வழியாகப் போகிறது. கோடு சரிந்துகொண்டே வந்து இடையிடையே பூச்சியத்தை நோக்கிக் குழி விழுந்தால் பழுது டிஸ்க்கின் தட்டில். முழுக் கோடும் மேலும் கீழுமாக நடுங்கினால் பின்னால் வேறு ஏதோ புரோகிராம் டிஸ்க்கைப் பாவிக்கிறது. அதை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.

கவனம்: எச்டி டியூனின் கட்டணப் பதிப்பில் எழுதும் சோதனையும் உண்டு. அது டிஸ்க்கில் உள்ளதை அழிக்கும். எழுதும் வேகம் வேண்டுமென்றால் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் போதும். அதையும் நோயுள்ள டிஸ்க்கில் ஓட்டாதீர்கள்.

4. கேபிளைத் தொடுமுன் டிஸ்க்கின் நிலையைப் படியுங்கள்

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்ததும் மேலே நீல நிறத்தில் "நல்லது" என்று வந்தால் பலர் மூடிவிடுவார்கள். அதோடு நிற்காதீர்கள். கீழே உள்ள பட்டியலில் வலது கோடியில் வரும் மூல எண்கள்தான் தேவை. அவை பதினாறின் அடியில் காட்டப்படும். மெனுவில் மேம்பட்ட வசதிகளுக்குள் போய்ப் பத்தின் அடிக்கு மாற்றிக்கொண்டால் தலைவலி இல்லை.

05, சி5, சி6 மூன்றும் டிஸ்க்கின் தட்டைப் பற்றியவை. 05 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது தட்டின் சிறு கட்டங்கள். சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 சோதனையிலும் திருந்தாதவை. சி5இல் எண் இருந்தால் வேகம் ஏன் விழுகிறது என்ற கேள்வி முடிந்தது. டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. கார்டை மாற்றுவதில் பயனில்லை.

அப்படியான டிஸ்க்கில் செக்டிஸ்க்கை முழுப் பரிசோதனை முறையில் ஓடவிடுவதுதான் நான் காணும் மிக மோசமான பழக்கம். அது முழுத் தட்டையும் மணிக்கணக்கில் துருவும். ஏற்கனவே தள்ளாடும் தலை அதோடு போய்விடும். முதலில் டேட்டாவை எடுக்க வேண்டும். முடிந்தால் லினக்ஸில் டிடிரெஸ்கியூ கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்குப் பிரதி எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்து, கெட்ட இடங்களைக் கடைசிக்கு வைக்கும்.

சி7 வேறு சாதி. அது டிஸ்க்குக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையில் டேட்டா சிதைந்து, மீண்டும் அனுப்பப்பட்ட எண்ணிக்கை. தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் கேபிள் அல்லது முனை. இந்த எண் ஒருபோதும் குறையாது என்பதை மறந்துவிட்டு, கேபிள் மாற்றிய பிறகும் 240 அப்படியே இருக்கிறதே என்று டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். 240 பழைய கதை. 20 ஜிபி கொப்பி பண்ணிய பிறகு அது 240ஆகவே நிற்கிறதா, 260 ஆகிறதா என்பதுதான் கேள்வி.

சீகேட் டிஸ்க்கில் 01, 07 இரண்டிலும் கோடிக்கணக்கில் எண் தெரியும். பயப்பட வேண்டாம், அந்த நிறுவனம் எண்ணைப் பதியும் முறை அப்படி.

அடுத்து வின்டோஸ் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். 129 என்றால் கொன்ட்ரோலர் பதிலில்லாமல் இணைப்பை மீட்டமைத்திருக்கிறது. 153 என்றால் ஒரு வாசிப்போ எழுதலோ மீண்டும் செய்யப்பட்டது. 7 என்றால் கெட்ட செக்டர். கொப்பி நடுவில் சில செக்கன் அப்படியே நின்று பிறகு ஓடுகிறதா? நின்ற நேரமும் 129 பதிவான நேரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அடுத்த படிதான் உங்களுக்கு.

5. கேபிள், முனை, கரண்ட்

மெயினை நிறுத்தி, வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

"சாட்டா 3 கேபிள்" என்று தனியாக விற்பதைத் தேடி ஓட வேண்டாம். பழைய நல்ல கேபிளிலும் 6 ஜிகாபிட் போகும். தரமும் நீளமும்தான் விஷயம். 1 மீற்றர் உச்சவரம்பு, அரை மீற்றருக்குள் இருந்தால் நல்லது. கூர்மையாக மடித்து ஸிப் டையால் இறுக்கிய கேபிளை முதலில் மாற்றுங்கள். அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டுவது இந்த வேலைக்கு உதவாது.

கணினிக்குள் பாவிக்கும் சாட்டா முனை சுமார் 50 முறை குத்திக் கழற்றுவதற்கே வடிவமைக்கப்பட்டது. சோதனைக் கேபிளாக வருடக்கணக்கில் மேசையில் கிடப்பதை "நல்ல கேபிள்" என்று நம்பி ஒப்பிட்டால் முடிவு பிழைக்கும். அதற்கென்று புதியது ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது என்று கடலை ஒட்டிய இடங்களிலிருந்து வரும் பெட்டிகளில் முனைகளைக் கட்டாயம் டோர்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றும் ஈரமும் பொன்முலாமைத் தாண்டி உள்ளே போகும். பளபளப்பு மங்கி, சில இடத்தில் பச்சை பூத்திருக்கும். கார்டின் பொன்விளிம்பை மெல்லிய அழிறப்பரால் ஒரே திசையில் துடைத்து, தூளைத் தூரிகையால் தட்டி, பிறகு ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். டிஸ்க்கின் முனைக்கு அழிறப்பர் வேண்டாம், அல்கஹோல் மட்டும். நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதற்குள் கொண்டுவராதீர்கள். எண்ணெயில் தூசு ஒட்டிக்கொண்டால் அடுத்த மழைக்காலத்தில் இதைவிட மோசமாகும்.

கரண்ட் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட்டில் 2 அம்பியர் வரை இழுக்கும். ஒரே வயரில் ஸ்பிளிட்டர் போட்டு நான்கு டிஸ்க் தொங்கவிட்டால் வோல்ட் விழும், டிஸ்க் தன்னை மீட்டமைக்கும், கொப்பி நிற்கும். டிஸ்க் இன்ஃபோவில் சி0 எண்ணும் (கரண்ட் அறுந்து தலை பின்வாங்கிய எண்ணிக்கை) மின்சாரம் ஏறிய எண்ணிக்கையும் நீங்கள் கணினியை நிறுத்தாமலே ஏறினால் காரணம் இதுதான். மல்டிமீற்றரில் 12 வோல்ட் 11.4க்குக் கீழோ 5 வோல்ட் 4.75க்குக் கீழோ போகக் கூடாது. அளக்க வேண்டியது சும்மா இருக்கும்போதல்ல, எல்லா டிஸ்க்கும் ஓடும்போது.

சிசிடிவி பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் பின்பக்கம் சிறிய ஜம்பர் ஒன்று குத்தியிருக்கிறதா பாருங்கள். சில பழைய மாடல்களில் அது வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்குக் கட்டிவைக்கும்.

6. இடம் மாற்றிப் பிழையைப் பிடியுங்கள்

இதுவரை சரிவரவில்லை என்றால் இந்தச் சோதனை. நல்ல டிஸ்க்கைச் சந்தேகப்பட்ட டிஸ்க்கின் கேபிளிலேயே, அதே கார்ட் போர்ட்டிலேயே குத்துங்கள். அது கெதியாக ஓடினால் பிழை பழைய டிஸ்க்கில். அதுவும் மெதுவாக ஓடினால் பிழை கேபிளில், போர்ட்டில் அல்லது கார்டில். இப்போது அதே நல்ல டிஸ்க்கை அதே கேபிளோடு மதர்போர்ட் போர்ட்டுக்கு மாற்றுங்கள். வேகம் ஏறினால் கேபிளுக்கும் மன்னிப்பு. கார்டும் அதன் ஸ்லொட்டும்தான் மிச்சம்.

இணைப்பு என்ன வேகத்தில் நிற்கிறது என்பதை டிஸ்க் இன்ஃபோவிலேயே பார்க்கலாம். இடமாற்ற முறை என்ற வரியில் "சாட்டா/300 | சாட்டா/600" என்பதுபோல் இரண்டு எண் வரும். இடது பக்கம் இப்போது ஓடுவது, வலது பக்கம் டிஸ்க்கால் முடிந்தது. எஸ்எஸ்டியில் இடது சிறிதாக இருந்தால் கவனியுங்கள். கணினி திறந்ததும் 600 காட்டி, கொஞ்ச நேரம் ஓடிய பிறகு 300 அல்லது 150 காட்டினால், பிழைகள் அதிகமாகி இணைப்பு தானாக இறங்கியிருக்கிறது. மீண்டும் ஐந்தாம் படிக்கு.

மதர்போர்டின் வயதையும் மறக்காதீர்கள். எச்61 சிப்செட் உள்ள பழைய போர்டுகளில் சிப்செட்டின் எல்லா சாட்டா போர்ட்டும் 3 ஜிகாபிட்தான். எச்81இல் இரண்டு 6, இரண்டு 3. எஸ்எஸ்டியை எதில் குத்தினோம் என்பதில்தான் பாதி முறைப்பாடு முடியும்.

7. கார்ட் எந்த ஸ்லொட்டில் இருக்கிறது

எனக்குத் தெரிந்து கார்ட் சம்பந்தமான முறைப்பாடுகளில் பெரும்பாலானவை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

"கார்ட் புதுசு தம்பி, போர்ட் நாலும் 6 ஜிகாபிட் என்று பெட்டியிலேயே போட்டிருக்கு" என்பார்கள். "சரி அண்ணன், எந்த ஸ்லொட்டில் போட்டிருக்கிறீங்க?" என்று கேட்டால் பதில் வராது. பெட்டியில் எழுதியிருப்பது டிஸ்க் பக்கத்து வேகம். மதர்போர்ட் பக்கத்து வேகத்தைப் பெட்டியில் தேடினாலும் கிடைப்பதில்லை. அதைச் சொல்வது கார்டின் நடுவே உள்ள சிப்.

ஏஎஸ்எம்1061: இரண்டு போர்ட், இரண்டாம் தலைமுறை, ஒரு லேன். நடைமுறையில் மொத்தம் 400ஐ ஒட்டி வரும். தனி எஸ்எஸ்டி ஒன்றுக்கே இது போதாது.

மார்வெல் 88எஸ்இ9215: நான்கு போர்ட், அதே ஒரே லேன், அதே இரண்டாம் தலைமுறை.

ஏஎஸ்எம்1064: நான்கு போர்ட், மூன்றாம் தலைமுறை, ஒரு லேன்.

ஏஎஸ்எம்1166, ஜேஎம்பி585: முறையே ஆறு, ஐந்து போர்ட், மூன்றாம் தலைமுறை, இரண்டு லேன்.

சிப் மட்டும் போதாது, ஸ்லொட்டும் ஒத்துழைக்க வேண்டும். மூன்றாம் தலைமுறைக் கார்டை எச்81 போர்டின் சிறிய ஸ்லொட்டில் குத்தினால் அது இரண்டாம் தலைமுறையாக இறங்கி ஓடும். அந்தச் சிப்செட் தரும் லேன்கள் அவ்வளவுதான். நீளமான ஸ்லொட் எல்லாம் 16 லேன் என்று நினைப்பதும் பிழை. இரண்டாவது நீள ஸ்லொட் பல போர்டுகளில் 4 லேன், சிலவற்றில் 1 லேன்தான். டோர்ச் அடித்து ஸ்லொட்டின் உள்ளே பார்த்தால் தெரியும்: ஊசிகள் முன்பகுதியில் மட்டும் இருந்து பின்னால் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். மற்றொரு ஸ்லொட்டிலோ எம்.2 இடத்திலோ ஏதாவது குத்தினால் இந்த ஸ்லொட்டின் லேன் குறையும் போர்டுகளும் உண்டு. மதர்போர்ட் கையேட்டில் ஒரு வரியில் அது எழுதப்பட்டிருக்கும்.

ஊகிக்காமல் அளக்க, எச்டபிள்யூ இன்ஃபோவில் பஸ் பகுதிக்குள் கார்டைத் தேடுங்கள். உச்ச இணைப்பு அகலம், தற்போதைய இணைப்பு அகலம் என்று இரண்டு வரி. வேகத்துக்கும் அதேபோல் இரண்டு. 2.5 என்றால் முதல் தலைமுறை, 5.0 இரண்டாவது, 8.0 மூன்றாவது. கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சேமிப்புக்காக இறங்கி நிற்கும் கருவிகள் உண்டு.

உச்சம் 2 லேன், தற்போதையது 1 என்று வந்தால் கார்டைக் கழற்றி, விளிம்பைத் துடைத்து, நேராக அமர்த்தி, பின்பக்க ஸ்க்ரூவை இறுக்குங்கள். சில பெட்டிகளில் அந்தத் தகடு சற்று வளைந்திருப்பதால், ஸ்க்ரூவை இறுக்க இறுக்கக் கார்டின் ஒரு முனை மேலே எழும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் அது போதும். மாறவில்லை என்றால் ஸ்லொட்டை மாற்றுங்கள். பயோஸில் ஸ்லொட் தலைமுறையை யாராவது முதலாவதாகக் கட்டி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டி என்றால் முதல் நீள ஸ்லொட் காலியாகவே கிடக்கும். அதில் குத்துங்கள். அது நேராகப் புரொசஸரோடு பேசும்.

8. ஒரே கார்டில் பல டிஸ்க்

தனித்தனியாக அளந்தால் ஒவ்வொரு டிஸ்க்கும் 180 தருகிறது, நான்கும் சேர்ந்து ஓடினால் ஆளுக்கு 100கூட வரவில்லை. இதில் பழுது எதுவும் இல்லை. நான்கு 180 என்றால் 720. கார்டின் வழியோ 400. 2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை கல்லடிப் பழைய பாலத்தில் இரு கரையிலும் வாகனங்கள் காத்து நின்றதுபோல்தான்.

பத்து, பதினாறு போர்ட் உள்ள மலிவுக் கார்டுகளில் இன்னொரு சங்கதி. அவற்றில் பெருக்கிச் சிப் இருக்கும். ஜேஎம்பி575 என்ற சிப் ஒரு சாட்டா போர்ட்டை ஐந்தாகப் பிரிக்கிறது. அந்த ஐந்து டிஸ்க்கும் ஒரே 6 ஜிகாபிட்டைப் பங்குபோடும். ஐந்தில் ஒன்று தடுமாறினாலும் மற்ற நான்கும் காத்திருக்கும். ரெய்ட் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துப் பாவிப்பது) போடுவதற்கு இவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

காசில்லாத திருத்தம் ஒன்று உண்டு, அதை முதலில் செய்து பாருங்கள்: எஸ்எஸ்டிகளை மதர்போர்ட் போர்ட்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குகளைக் கார்டுக்கும் மாற்றுங்கள். எதிலிருந்து எதற்கு அடிக்கடி கொப்பி பண்ணுகிறீர்களோ, அந்த இரண்டில் ஒன்று மதர்போர்டிலும் ஒன்று கார்டிலும் இருக்கட்டும். அப்போது இரண்டு டிஸ்க்கும் ஒரே கார்டின் வழியைப் பங்குபோட வேண்டியதில்லை. எடிட்டிங் பெட்டிகளில் பெரும்பாலும் இதுவே போதும்.

கட்டாயம் எட்டு டிஸ்க் வேண்டுமென்றால் பாவித்த சர்வர் கார்ட் பாருங்கள். எல்எஸ்ஐ 9211-8ஐ இரண்டாம் தலைமுறை 8 லேன். 4 லேன் ஸ்லொட்டில் குத்தினாலும் ஹார்ட் டிஸ்க்குகளுக்குத் தாராளம்.

9. பயோஸ், வின்டோஸ் அமைப்புகள்

இவ்வளவு பார்த்த பிறகே இதற்கு வர வேண்டும். ஏனென்றால் இதில் கைவைத்தால் கணினி திறக்காமல் போகவும் கூடும்.

பயோஸில் சாட்டா முறை ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால், ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். ஐடிஇயில் டிஸ்க் தன் வேலைகளை வரிசை மாற்றிச் செய்ய முடியாது. சிறிய ஃபைல்களில் அடி விழும். ஆனால் நேரே மாற்றினால் நீலத் திரை வரும். முதலில் எம்எஸ்கொன்ஃபிக்கில் பாதுகாப்பு முறையைத் தெரிவுசெய்து மீள்தொடங்குங்கள். உடனே பயோஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். வின்டோஸ் பாதுகாப்பு முறையில் திறந்து புது டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தத் தெரிவை நீக்கி மீள்தொடங்கினால் சரி. பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வின்டோஸ் வசதி) போட்ட கணினி என்றால் மீட்பு எண் கையில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

எழுதும் வேகம் மட்டும் விழுந்து வாசிப்பு நன்றாக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் கொள்கைப் பகுதியில் எழுது இடைச்சேமிப்பு இயக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பற்றரி வைத்த ரெய்ட் கார்ட் என்றால் பற்றரி செத்திருக்கும். பாதுகாப்புக்காகக் கார்ட் இடைச்சேமிப்பை நிறுத்திவிடும், எழுதும் வேகம் படுத்துவிடும். பற்றரியை மாற்றுங்கள். பற்றரி இல்லாமலே கட்டாயமாக இயக்கும் தெரிவும் உண்டு. ஆனால் கரண்ட் சொல்லாமல் போகும் ஊரில், யூபிஎஸ் இல்லாத பெட்டியில் அதைச் செய்ய வேண்டாம்.

பழைய எக்ஸ்பி கணினியிலிருந்து குளோன் செய்த டிஸ்க்கில் பகுதி தொடங்கும் இடம் பிழையாக இருக்கும். எம்எஸ்இன்ஃபோ32இல் டிஸ்க் பகுதிக்குள் தொடக்க இடத்தைப் பாருங்கள். 10,48,576 என்றால் சரி. 32,256 என்றால் அது 4096ஆல் பிரிபடாது; ஒவ்வொரு எழுதலும் இரண்டு கட்டங்களில் விழுந்து, படித்துத் திருத்தி மீண்டும் எழுத வேண்டி வரும். டேட்டாவை எடுத்துவிட்டுப் பகுதியைப் புதிதாகப் போடுவதுதான் நேரான வழி.

டிரைவர் விஷயம் சுருக்கம். கார்டோடு வந்த டிரைவரை எடுத்துவிட்டு, வின்டோஸின் பொது ஏஎச்சிஐ டிரைவரைத் தெரிவுசெய்து அளந்து பாருங்கள். எது கெதியோ அது இருக்கட்டும்.

10. டிஸ்க்கின் சுபாவமே அதுவென்றால்

எல்லாம் சரி, ஆனால் எழுதத் தொடங்கும்போது 180, பல பத்து ஜிபி போனதும் 30. கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் தொடங்கினால் மறுபடி 180. இது எஸ்எம்ஆர் டிஸ்க்.

இதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறிப் பதியப்படுகின்றன. ஒன்றைத் திருத்த அடுத்தவற்றையும் எழுத வேண்டும். அதனால் புதிய டேட்டாவை முதலில் ஒரு தனி இடத்தில் வாங்கி வைத்து, ஓய்வில் ஒழுங்குபடுத்தும். ஓய்வு கொடுக்காமல் எழுதினால் அந்த இடம் நிறைந்து மூச்சுத் திணறும். சீகேட் பராகுடாவில் எஸ்டி2000டிஎம்008, டபிள்யூடி ரெட்டில் டபிள்யூடி40ஈஎஃப்ஏஎக்ஸ் இந்த வகை. கார்டையோ கேபிளையோ மாற்றி இதைத் திருத்த முடியாது. பக்கப்பிரதி எடுத்து வைக்க மட்டும் பாவியுங்கள்; இரவில் எழுதிவிட்டு உடனே கரண்டை நிறுத்தாமல் சும்மா ஓடவிடுங்கள். ரெய்டுக்கும் எடிட்டிங்குக்கும் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று தயாரிப்பாளரின் விவரத் தாளில் போட்டிருப்பதை வாங்குங்கள்.

எஸ்எஸ்டியிலும் இதற்கு உறவான ஒன்று உண்டு. கியூஎல்சி (ஒரு கலத்தில் நான்கு பிட் வைக்கும்) வகையில் வேக இடம் நிறைந்ததும் வேகம் படியிறங்கும். சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி, அது நிறைந்த பிறகு செக்கனுக்கு 80 எம்பிதான் எழுதும். அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு. எஸ்எஸ்டியை வழிய வழிய நிரப்பி வைத்தாலும் வேகம் இறங்கும், ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். எந்த இடம் அழிக்கப்பட்டது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளையைக் கடத்தாத ரெய்ட் கார்டுகள் நிறைய இருப்பதால், எஸ்எஸ்டியை அவற்றில் தொங்கவிடாமல் மதர்போர்டிலேயே வைப்பது நல்லது.

11. சூடு

காலையில் நன்றாக ஓடி, மத்தியானத்தில் படுக்கிறது என்றால் சூட்டைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏசி இல்லாத கடைக்குள் வரும் வேலைகளில் இது அதிகம்.

ஹார்ட் டிஸ்க் 50 பாகையைத் தாண்டினால் பேன் வையுங்கள். எம்.2 எஸ்எஸ்டி 70, 80 பாகைக்குப் போனதும் தானாக வேகத்தைக் குறைக்கும். கார்டின் சிப்புக்கு வெப்பமானி இருப்பதில்லை. கொப்பி ஓடும்போது அதன் தகட்டில் விரலை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பக்கம் காற்று வேண்டும். மேலே சொன்ன சர்வர் கார்டுகள், பலத்த காற்று ஊதும் பெட்டிக்காகச் செய்யப்பட்டவை. சாதாரணப் பெட்டியில் அவற்றுக்கு 40 மில்லிமீற்றர் பேன் ஒன்று கட்டாயம்.

12. எல்லாம் முடிந்த பிறகு ஃபேர்ம்வெயர்

கார்டின் ஃபேர்ம்வெயரை, அதாவது சிப்பை இயக்கும் உள் புரோகிராமை, மாற்றுவது கடைசி. அதுவும் பிழை கார்டில்தான் என்று ஆறாம் படியில் உறுதியான பிறகு மட்டும். நடுவில் கரண்ட் போனால் கார்ட் செத்துவிடும், ஆகவே யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மழைக்காலத்தில் இடி முழங்கும் பின்னேரங்களில் யூபிஎஸ் இருந்தாலும் வேண்டாம்.

தொடங்குமுன் கார்டில் உள்ள எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றுங்கள். சிப்பின் பெயரைக் கார்டின் மேலிருந்தே படியுங்கள். விற்ற கடையின் பக்கத்தில் போட்டிருக்கும் பெயரை நம்பி வேறு சிப்புக்கான ஃபைலை ஏற்றிவிடக் கூடாது. பழைய ஃபேர்ம்வெயரைச் சேமிக்க முடிந்தால் சேமியுங்கள். ஏற்றி முடிந்ததும் முழுவதுமாக நிறுத்தித் திறந்து, நல்ல டிஸ்க்கை மட்டும் குத்தி, மூன்றாம் படியில் பாவித்த அதே 20 ஜிபி ஃபைலால் மறுபடி அளந்து, எண்ணைக் கொப்பியில் முன்னையதற்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வாடிக்கையாளரின் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் குத்துங்கள்.